வாசலில் விழும் கோடு

பெங்களூர் மாநகராட்சி கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10ஆம் தேதி முடிந்தது. அப்போது நகரில் 198 வார்டுகள். அடுத்த தேர்தலுக்கு எல்லாக் கட்சிகளிலும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். ஆனால் தேர்தலுக்குப் பதில் ஒரு புதிய சட்டம் வந்தது: வார்டுகள் இனி 243. பழைய வார்டுகளை வைத்தே ஆறு வாரத்தில் தேர்தலை அறிவியுங்கள் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரில் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 243 வார்டுகளுக்கான வரைபடம் 2022 ஜூலையில்தான் தயாரானது. தேர்தல் வரவில்லை. 2023 மே மாதம் ஆட்சி மாறியது, வரைபடமும் மாறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் வார்டுகளின் எண்ணிக்கை 225. அப்போதும் தேர்தல் வரவில்லை. 2025 செப்டம்பர் 2ஆம் தேதி மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. நவம்பரில் ஐந்துக்கும் சேர்த்து 369 வார்டுகள் என்று இறுதி அறிவிப்பு வெளியானது.

மூன்று வரைபடங்கள் வந்துவிட்டன. 2025ஆம் ஆண்டு முடியும்வரை ஒரு வாக்குகூடப் பதிவாகவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மூன்று வரைபடங்களுக்கும் அடிப்படை ஒரே கணக்குதான்: 2011ஆம் ஆண்டின் சென்சஸ். அதன்படி பெங்களூரில் 84 லட்சம் பேர். அதே 84 லட்சம் பேரை 243ஆல் வகுத்தால் வார்டுக்கு சுமார் 34,700 பேர். 225ஆல் வகுத்தால் 37,500. 369ஆல் வகுத்தால் 23,000க்குச் சற்றுக் குறைவு. மக்கள் தொகை மாறியதால் கோடு மாறியது என்று யாரும் சொல்ல முடியாது. தலைகள் மாறவில்லை, எண்ணிப் பிரித்த கைகள் மாறின.

கவுன்சிலர் இல்லாமல் போனால் என்ன குடி மூழ்கிவிடும் என்று கேட்கலாம். நம்மில் பலர் அப்படித்தான் கேட்கிறோம். கவுன்சிலர் என்றால் கட்டடம் கட்டுபவரிடம் பணம் கேட்பவர் என்பதற்கு மேல் நமக்கு அபிப்பிராயம் கிடையாது. ஆனால் 2021ஆம் ஆண்டு கோடையை நினைத்துப் பாருங்கள். கொரோனாவின் இரண்டாவது அலையில் பெங்களூரில் படுக்கைக்கும் ஆக்ஸிஜனுக்கும் ஜனங்கள் அலைந்த நாட்களில் நகரில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. சென்னையிலும் கிடையாது. மண்டல அதிகாரியின் எண் மணிக்கணக்கில் பிஸியாக இருந்தால், நேரே வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கெட்டவராகவே இருக்கட்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு அதே வாசலுக்கு வந்து நிற்க வேண்டியவர் அவர். அதிகாரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வார்டு எல்லையை ஏன் மாற்ற வேண்டும்? காரணம் நியாயமானதுதான். மக்கள் இடம் பெயர்கிறார்கள். நகரத்தின் நடுவே வீடுகள் கடைகளாகின்றன. விளிம்பில் வயல்கள் வீடுகளாகின்றன. பத்து வருடத்தில் ஒரு வார்டில் இருபதாயிரம் பேரும் பக்கத்து வார்டில் அறுபதாயிரம் பேரும் சேர்ந்துவிட்டால், முதல் வார்டுக்காரரின் ஓட்டு இரண்டாம் வார்டுக்காரரின் ஓட்டைப் போல மூன்று மடங்கு பெறுமானம் உள்ளதாகிவிடும். அந்த அறுபதாயிரம் பேருக்கும் ஒரே கவுன்சிலர்; அவர் கையில் இருக்கும் வார்டு நிதியும் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் வார்டுக்கு வருவதுதான். குழாய்க்கும் விளக்குக்கும் சாக்கடைக்கும் தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் அநியாயம் புரியும்.

இதைச் சரி செய்யத்தான் சென்சஸ். 1992இல் நிறைவேறி 1993இல் அமலுக்கு வந்த 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிக்கு ‘மக்கள் தொகை’ என்றால் என்ன என்று தெளிவாக வரையறுத்துள்ளன: கடைசியாக நடந்து, எண்ணிக்கை வெளியிடப்பட்ட சென்சஸில் உள்ள தொகை. ஒரு பஞ்சாயத்துக்குள் எல்லாத் தொகுதிகளிலும், நடைமுறைக்கு இயன்றவரை, மக்கள் தொகை ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறது 243சி பிரிவு. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் எத்தனை இடம் என்பதும் அதே கணக்கிலிருந்துதான் வருகிறது. பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு; பல மாநிலங்களில் சரிபாதி.

வேலை நடக்கும் விதமும் எளிது. சென்சஸ் எடுப்பவர்கள் ஊரைச் சிறு சிறு பிளாக்குகளாகப் பிரித்து ஒருவருக்கு ஒன்றென்று கொடுப்பார்கள். 2011இல் ஒரு பிளாக்குக்குச் சுமார் 650 முதல் 800 பேர். இந்த பிளாக்குகள்தான் செங்கல். நகரங்களில் இவற்றை அடுக்கித்தான் வார்டு கட்டுகிறார்கள். பொதுவாகச் செங்கல்லை உடைப்பதில்லை. எந்தச் செங்கல்லை எந்தச் சுவரில் வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம் எல்லாம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த விவகாரத்தில் முதலில் கண்ணில் படுவது சொற்கள். இந்திக்காரர்கள் இதை ‘பரிசீமன்’ என்கிறார்கள். சுற்றிலும் எல்லை இடுவது. கன்னடத்தில் ‘புனர்விங்கடணெ’, திரும்பவும் பிரிப்பது. மராட்டியில் வார்டு என்பது ‘பிரபாக்’, இந்த வேலைக்கு ‘பிரபாக் ரசனா’ என்று பெயர், வார்டுகளின் அமைப்பு. நம் பத்திரிகைகள் ரொம்ப நாள் ‘தொகுதி மறுசீரமைப்பு’ என்று எழுதி வந்தன. ‘சீர்’ என்ற நல்ல சொல் நடுவில் உட்கார்ந்திருப்பதால், நடப்பது என்னவோ நல்லதுதான் என்று வாசகர் நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. இப்போது ‘மறுவரையறை’ என்கிறோம். பரவாயில்லை, கொஞ்சம் நேர்மையான சொல். ஆனாலும் மராட்டிச் சொல்லைத் தமிழ்க் காதால் கேட்கும்போது தோன்றுவதுதான் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது: எல்லாம் வரைபவரின் ரசனை.

அந்த ரசனை எப்படி வேலை செய்யும்? ஒரு தலித் காலனியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாயிரம் பேர். முழுக்க ஒரே வார்டில் இருந்தால், அந்த நகராட்சியில் தாழ்த்தப்பட்டோர் விகிதம் அதிகமுள்ள வார்டு அதுதான், தனி வார்டாகும். காலனிக்கு நடுவே போகும் தெருவை எல்லையாக வைத்து இரண்டாயிரம் பேரை இந்தப் பக்கமும் இரண்டாயிரம் பேரை அந்தப் பக்கமும் தள்ளிவிட்டால் இரண்டு வார்டிலும் விகிதம் சரிந்துவிடும். இரண்டும் பொது வார்டு. ஒரு வீடும் இடிபடவில்லை, ஒரு பெயரும் பட்டியலிலிருந்து நீங்கவில்லை, மக்கள் தொகையும் கச்சிதமாகச் சமம். ஆனால் அந்த காலனியிலிருந்து ஒருவர் கவுன்சிலராவது கஷ்டம். இதற்கு நேர் எதிரான வித்தையும் உண்டு. மூன்று வார்டுகளில் வெற்றி தோல்வியை நிர்ணயிக்கக்கூடிய ஒரு சமூகத்தை மொத்தமாக அள்ளி ஒரே வார்டில் கொட்டிவிட்டால், அவர்கள் ஒரு இடத்தில் அமோகமாக ஜெயிப்பார்கள். மற்ற இரண்டில் அவர்களை யாரும் சட்டை செய்ய வேண்டியதில்லை.

பெரும்பான்மை மொழி பேசாதவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். தாராவியில் இருக்கும் தமிழருக்கும் பெங்களூர் சேரிகளில் இருக்கும் தமிழருக்கும் மக்களவைத் தொகுதியில் எண்ணிக்கை பலம் அற்பம். சட்டமன்றத் தொகுதியில் ஓரளவு. வார்டு ஒன்றில்தான் நாலு தெரு சேர்ந்தால் ஒரு வேட்பாளரை நிறுத்திவைத்துப் பேச முடியும். அந்த நாலு தெருவுக்கு நடுவில் கோடு விழுந்தால் அந்தப் பேச்சும் போயிற்று.

தில்லி கதையைப் பார்ப்போம். அங்கே 2007 முதல் 272 வார்டுகள். 2012இல் மாநகராட்சியை மூன்றாக வெட்டினார்கள். 2022 ஏப்ரலில் தேர்தல் நடக்க வேண்டும். மார்ச் 9ஆம் தேதி தேர்தல் தேதியை அறிவிக்கத் தயாராகிவிட்டு, கடைசி நேரத்தில் தேர்தல் ஆணையம் நிறுத்திக்கொண்டது. மூன்றையும் மீண்டும் ஒன்றாக்கப் போவதாக மத்திய அரசிடமிருந்து தகவல் வந்ததே காரணம். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வார்டுகள் 250க்கு மேல் போகக் கூடாது என்று அந்தத் திருத்தமே உச்சவரம்பு விதித்தது. முன்பு தில்லி அரசின் கையில் இருந்த பல அதிகாரங்கள் மத்திய அரசுக்குப் போயின. ஜூலையில் மூன்று பேர் குழு, செப்டம்பரில் வரைவு, அக்டோபரில் இறுதி வரைபடம், டிசம்பர் 4ஆம் தேதி தேர்தல். எட்டு மாதம் தாமதம்.

வரைபடத்தில் சராசரியாக ஒரு வார்டுக்குச் சுமார் 65 ஆயிரம் பேர். சராசரி மட்டும்தான் அப்படி. சாந்தினி சௌக் வார்டில் 35 ஆயிரத்தை ஒட்டிய மக்கள் தொகை. யமுனைக்கு அந்தப் பக்கம் மயூர் விஹார் ஃபேஸ் ஒன்று வார்டில் 85 ஆயிரத்துக்கும் மேல். காரணம் கேட்டால் விதியைக் காட்டுவார்கள். வார்டு எல்லை சட்டமன்றத் தொகுதியின் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு தொகுதியிலும் குறைந்தது மூன்று வார்டாவது வேண்டும். அந்தச் சட்டமன்றத் தொகுதிகள் 2001ஆம் ஆண்டு சென்சஸ்படி வரையப்பட்டவை. ஆக, 2022ஆம் ஆண்டின் வாக்காளர், 2011ஆம் ஆண்டின் தலைக்கணக்கு, 2001ஆம் ஆண்டின் சட்டமன்ற எல்லை. மூன்று காலத்தையும் ஒரே காகிதத்தில் தைத்திருக்கிறார்கள்.

தைத்த துணியில் இல்லாமலே போனவர்களும் உண்டு. தில்லி ஜங்புரா பக்கம் பாராபுல்லா கால்வாயை ஒட்டி ‘மதராசி கேம்ப்’ என்ற குடிசைப் பகுதி இருந்தது. பெயரே சொல்லும், பெரும்பாலும் தமிழர்கள். வீட்டு வேலை, கூலி வேலை செய்து பல தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள். நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று அதிகாரிகள் கணக்கிட்டார்கள். அதுவும் நகரின் வடகோடியில், நரேலாவில். 2022ஆம் ஆண்டு வரைபடத்துக்கு அடிப்படையான 2011ஆம் ஆண்டு சென்சஸ் எண்ணியது ஜங்புராவில் இருந்த குடிசைகளை. நரேலாவின் வார்டுக் கணக்கில் இந்தக் குடும்பங்களுக்கு இடம் இல்லை. அடுத்த சென்சஸ் எடுத்து, எண்ணிக்கை வெளியாகி, வார்டு திரும்ப வரையப்படும்வரை அவர்கள் நரேலாவின் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், தண்ணீர் லாரி வரிசையில் இருப்பார்கள், வார்டின் தலைக்கணக்கில் மட்டும் இருக்க மாட்டார்கள்.

சென்சஸ் விஷயத்திலும் நம் அதிர்ஷ்டம் அப்படி. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துவந்தது. உலகப் போர் நடந்த 1941இலும் நிற்கவில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், பிறகு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2025 ஜூனில்தான் அறிவிப்பு வந்தது. பனிப் பிரதேசங்கள் நீங்கலாக, கணக்குத் தேதி 2027 மார்ச் 1. இரண்டு தலைக்கணக்குக்கு நடுவே பதினாறு வருட இடைவெளி. கணக்கெடுப்பு நடக்கும்போது எல்லைகள் ஆடக் கூடாது என்பதால், மாவட்டம், தாலுகா, நகராட்சி எல்லைகளில் செய்ய வேண்டிய மாற்றங்களை எல்லாம் 2025 டிசம்பர் 31க்குள் முடித்துவிடுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. ஆக, 2027ஆம் ஆண்டு எண்ணிக்கை வெளியானதும் அடுத்தது கோடு போடும் காலம்.

கோடு என்றதும் நம் எல்லோருடைய கவனமும் மக்களவைத் தொகுதிகளுக்குப் போய்விடுகிறது. அது புரிந்துகொள்ளக் கூடியதுதான். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த தென் மாநிலங்களுக்கு இடம் குறையுமா என்பது லேசான கேள்வி அல்ல. 1976இலும் மறுபடி 2001இலும் அரசியல் சட்டத்தையே திருத்தி அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்தார்கள். ஆனால் மக்களவையில் இருப்பது 543 பேர். உள்ளாட்சி அமைப்புகளில் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். இவர்களுக்கான எல்லையை மாற்ற அரசியல் சட்டத் திருத்தம் வேண்டாம்; நாடாளுமன்ற விவாதம் வேண்டாம்; அனைத்துக் கட்சிக் கூட்டம் வேண்டாம். ஒரு அரசாணை போதும். தொலைக்காட்சியில் அதைப் பற்றி நாலு பேர் உட்கார்ந்து கத்தவும் மாட்டார்கள்.

அந்த அரசாணையை யார் போடுகிறார்கள்? இடத்துக்கு இடம் வேறு. பெங்களூரில் 2022இல் வரைந்தது மாநகராட்சி ஆணையர் தலைமையிலான குழு. அதாவது மாநில அரசு நியமித்த அதிகாரிகள். மகாராஷ்டிரத்தில் வார்டு வரையும் அதிகாரம் மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் இருந்தது. 2022 மார்ச்சில் சட்டமன்றம் அதை அரசின் கைக்கு மாற்றியது. உள்ளாட்சித் தேர்தலுக்குச் சுதந்திரமான தேர்தல் ஆணையம் வேண்டும் என்று 1992இல் யோசித்தவர்கள், கோடு போடும் பேனாவை அந்த ஆணையத்தின் கையில் கட்டாயமாகக் கொடுக்க மறந்துவிட்டார்கள். பந்தயத்தில் ஓடுகிறவரே மைதானத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும் ஏற்பாடு நாட்டில் பாதி இடத்தில் சட்டப்படி சரியானது.

மும்பையில் நடந்தது இதன் உச்சம். அங்கே 227 வார்டுகள். 2021 நவம்பரில் உத்தவ் தாக்கரே அரசு அதை 236 ஆக்கியது. 2022 மார்ச் 7ஆம் தேதி மாநகராட்சியின் காலம் முடிந்தது. ஜூனில் ஆட்சி கவிழ்ந்தது. ஆகஸ்டில் ஏக்நாத் ஷிண்டே அரசு 236ஐத் திரும்பவும் 227 ஆக்கியது. இதற்கிடையில் பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடு பற்றிய வழக்கு வேறு. எல்லாம் சேர்ந்து, 2026 ஜனவரி 15ஆம் தேதிதான் மும்பைக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஏறக்குறைய நாலு வருடம். 2025-26க்கு மட்டும் மும்பை மாநகராட்சியின் பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். நம் சிறிய மாநிலங்கள் சிலவற்றின் பட்ஜெட்டைவிடப் பெரிய தொகை. அதை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்யும் அவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படத் தேவையில்லை. 2016 அக்டோபரில் அங்கே உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. அறிவித்த தேர்தலை, இட ஒதுக்கீட்டு அறிவிப்பில் குறை இருப்பதாகச் சொல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் 2011 சென்சஸ்படி வார்டு வரையறை என்ற காரணம் வந்தது. 27 மாவட்டங்களின் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. மாவட்டப் பிரிவினையால் பாதிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் மறுபடி வரையறை செய்த பிறகே தேர்தல் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அங்கே 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19. சென்னை மாநகராட்சி மன்றம் ஐந்து வருடத்துக்கும் மேல் காலியாகக் கிடந்தது. அதாவது, ஒரு முழுப் பதவிக்காலமே காணாமல் போனது. ஆட்சி இரண்டு கட்சிக்கும் மாறி மாறி வந்த மாநிலத்தில் இதற்காக யாரும் தெருவில் இறங்கியதாக நினைவில்லை.

இத்தனைக்கும் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. அகமதாபாத் மாநகராட்சித் தேர்தல் தள்ளிப்போன வழக்கில், அங்கே வார்டுகளை 43இலிருந்து 45 ஆக்கியதைக் காரணம் காட்டினார்கள். இப்படிப்பட்ட வேலைகளை முன்கூட்டியே முடித்துக்கொள்ள வேண்டும், தேர்தலைத் தாமதிக்க அது சாக்கு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில் இதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னது: புதிய வரையறை முடியவில்லையென்றால் பழைய வார்டுகளை வைத்தே தேர்தலை நடத்துங்கள். பதினாறு வருட இடைவெளியில் ஒரே பாடத்தை இருமுறை நடத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் மும்பையும் பெங்களூரும் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தன.

முடியாத காரியமா இது? கேரளத்தைப் பாருங்கள். 2024இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையில் வரையறை ஆணையம் அமைத்தார்கள். 1,200 உள்ளாட்சி அமைப்புகளில் வார்டுகள் 21,900இலிருந்து 23,612 ஆயின. டிஜிட்டல் வரைபடம் தயாரித்தார்கள், ஆட்சேபங்களைக் கேட்டார்கள். ஆளும் கட்சிக்குச் சாதகமாகக் கோடு போடுகிறார்கள் என்று எதிர்க்கட்சி குற்றம் சாட்டியது, நீதிமன்றத்துக்கும் போனார்கள். சண்டை எல்லாம் நடந்தது. ஆனால் 2020 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்க 2025 டிசம்பர் 9, 11 தேதிகளில் ஓட்டுப் பதிவு நடந்துவிட்டது. கேரளத்தின் கையிலும் அதே 2011 சென்சஸ்தான் இருந்தது. பழைய கணக்கு தடையாக இருக்கவில்லை.

ஆகவே, சென்சஸுக்குப் பிறகு வரப்போகும் வரையறையில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, கோடு எங்கே விழுகிறது. மற்றது, எப்போது விழுகிறது. தப்பான இடத்தில் விழுந்த கோட்டை அடுத்த சென்சஸுக்குப் பிறகாவது திருத்தலாம். தேர்தல் நெருங்கும் நேரம் பார்த்து அழித்து அழித்து வரையும் கோடு, உங்கள் ஓட்டையே நாலைந்து வருடம் எடுத்துக்கொண்டு போய்விடும். அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

நீதிமன்றம் இருக்கிறதே என்று நினைத்தால் அங்கும் வாசல் குறுகல். உள்ளாட்சித் தொகுதி வரையறை பற்றிய சட்டங்களின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று அரசியல் சட்டமே 243ஓ, 243இசட்ஜி பிரிவுகளில் சொல்கிறது. தேர்தலைத் தாமதிக்காதே என்று நீதிபதிகள் அதட்டுவார்கள். உன் தெருவை ஏன் அந்த வார்டில் சேர்த்தார்கள் என்பதில் பெரும்பாலும் தலையிட மாட்டார்கள். எனவே குடிமகனுக்கு இருக்கும் உண்மையான சந்தர்ப்பம் ஒன்றுதான்: வரைவு வெளியானதும் ஆட்சேபம் சொல்லத் தரும் அவகாசம்.

அது எவ்வளவு தெரியுமா? பெங்களூரில் 2022இல் பதினைந்து நாள். ஜூன் 23ஆம் தேதி வரைவு வந்தது. ஆயிரக்கணக்கான ஆட்சேபங்கள் குவிந்தன. ஜூலை 14ஆம் தேதி இறுதி அறிவிப்பு வந்துவிட்டது. அவகாசம் முடிந்த ஒரே வாரத்தில் அத்தனையையும் படித்து, பரிசீலித்து, முடிவும் எடுத்துவிட்டார்கள் என்று நாம் நம்ப வேண்டும்.

வரைவு எழுதப்படும் பாஷையும் நம்மை விரட்டுவதற்கென்றே வாய்த்தது. வடக்கே இந்தச் சாலையின் மையக்கோடு, கிழக்கே அந்த ஓடையின் மேல்கரை, தெற்கே இன்ன சர்வே எண் என்று போகும். தினமும் நடக்கிற தெருவை அந்த விவரிப்பில் அடையாளம் கண்டுபிடிப்பதற்குள் பதினைந்து நாளில் மூன்று நாள் போய்விடும். வெளிமாநிலத்தில் இருந்தால் அது அந்த மாநில மொழியில் வேறு இருக்கும். வார்டு மாறியது தெரியாமலே இருந்துவிட்டு, ஓட்டுப் போடும் நாளில் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். உள்ளாட்சிக்கு என்று தனியாக வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்பது அபூர்வம். சட்டமன்ற வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாக வெட்டி வார்டுகளுக்குள் பொருத்துவார்கள். எல்லைத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு அந்த வெட்டில்தான் ஆபத்து. ஒரே தெருவின் இரட்டைப்படை எண்கள் ஒரு வார்டிலும் ஒற்றைப்படை எண்கள் இன்னொன்றிலும் இருப்பது சாதாரணம்.

செய்யக்கூடியது சில உண்டு. 2027 சென்சஸ் எடுப்பவர் வரும்போது உங்கள் வீட்டில் குடியிருக்கும் எல்லோரையும் சொல்லுங்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவர், வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண், எல்லோரும் கணக்கில் வர வேண்டும். உங்கள் தெருவின் பலம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. வரைவு வெளியானதும் குடியிருப்போர் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து அதைப் படியுங்கள். குடிசைப் பகுதியில் சங்கம் இருக்காது. ஆனால் படிப்பு வராதவர்களுக்கு வாசித்துச் சொல்ல ஒரு காலேஜ் பிள்ளையாவது இருக்கும். மக்கள் தொகை சமமாக இருக்கிறதா, ஒரே காலனி இரண்டாகியிருக்கிறதா, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாலு தெருவைக் காரணமில்லாமல் இந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறார்களா, தாழ்த்தப்பட்டோர் அதிகம் உள்ள வார்டு பட்டியலில் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கூடவே ஒரு கேள்வி: நடப்பு மன்றத்தின் காலம் என்றைக்கு முடிகிறது, அதற்குள் இந்த வேலை முடியுமா?

நம் கவுன்சிலரை நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அவரை மாற்றுவதற்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒரு நாள் தருவதாகத்தான் ஒப்பந்தம். அந்த நாளைக் காப்பாற்றும் கவலை வரைபடம் வரைகிறவர்களுக்கு இருந்ததாகப் பெங்களூரிலும் மும்பையிலும் சென்னையிலும் தெரியவில்லை.